அப்பாவைக் கேட்டீர்களா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் பலம் இழந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. எதைக் கேட்டாலும் "அலாமாக், அலாமாக்" (மலாயில் "ஐயோ" போன்ற சொல்) என்கிறார். கோபம் வந்தால் கெட்ட வார்த்தை மட்டும் தெளிவாக வருகிறது, பிள்ளைகள் முன்னால் கூசிப்போகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை சாமி கும்பிடும்போது முருகன் பாட்டை வார்த்தை பிசகாமல் பாடுகிறார்! மூக்குக் குழாயை எடுத்தாயிற்று. தண்ணீரில் கலக்க ஒரு மாவு கொடுத்திருக்கிறார்கள், அதை அவர் தொடுவதில்லை. அம்மா மனசு கேட்காமல் சாதாரணக் கோப்பி கொடுக்கிறார். குடித்ததும் இருமல். போன வாரம் இரண்டு நாள் சாயங்காலம் காய்ச்சலும் அடித்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி மலாயில் நடக்கிறது. வீட்டில் தமிழ் பேசினால் குழம்பிவிடுவார், மலாயிலேயே பேசுங்கள் என்கிறார் மாமா. மூன்று மாதத்தில் வராத பேச்சு இனி வராது என்கிறார்கள். அப்பாவுக்கு விவரம் போய்விட்டது, வீட்டுப் பத்திரத்தில் கைரேகை வாங்கிவிடலாம் என்று சித்தப்பா அவசரப்படுத்துகிறார். நான் என்ன செய்யட்டும்?
— வாசகி, பாகான் டாலாம்

பதில்:

அன்புச் சகோதரி,

பேச்சைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ள ஒருவருக்குக் குடித்ததும் இருமலும், கூடவே காய்ச்சலும் வந்தால், குடித்தது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா தொடங்கியிருக்க வாய்ப்பு உண்டு. காய்ச்சல் இப்போது விட்டிருந்தாலும் இதைப் படிக்கும் இன்றே அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அடுத்த தவணைத் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ 999-ஐ அழையுங்கள். டாக்டர் முன் உட்கார்ந்ததும் "ஸ்ட்ரோக் வந்தவர், தண்ணியோ கோப்பியோ குடித்தால் இருமுகிறார், காய்ச்சல் அடித்தது" என்பதுதான் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்கட்டும். வெறும் காய்ச்சல் என்று சொன்னால் மாத்திரை எழுதி அனுப்பிவிடக்கூடும்.

தண்ணீர் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்று பலரும் கேட்பார்கள். சோறு இறங்குகிறதே, தண்ணீர் இறங்காதா? தொண்டையில் உணவுக்கும் மூச்சுக்கும் ஆரம்பத்தில் ஒரே பாதைதான். விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பி மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ளும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு இந்த மூடல் சற்றுத் தாமதமாகலாம். சோற்று உருண்டை மெதுவாகப் போவதால் அந்தத் தாமதத்தைத் தாங்கும். தண்ணீர், கோப்பி, ரசம் எல்லாம் வாசல் மூடுவதற்குள் ஓடிவிடும். மாவு கலக்கச் சொன்னது அந்த ஓட்டத்தைக் குறைக்கத்தான்.

இருமினால்தான் ஆபத்து என்றும் நினைத்துவிடாதீர்கள். தொண்டையின் உணர்வு மங்கிய சிலருக்கு உள்ளே இறங்கினாலும் இருமலே வராது. குடித்த பின் குரல் ஈரமாக, கரகரவென்று மாறினால் அதையும் குறித்துவையுங்கள். வெளியிலிருந்து பார்த்து உள்ளே நடப்பதை உறுதியாகச் சொல்ல என்னைப் போன்ற பேச்சு சிகிச்சையாளர்களாலும் முடியாது. அதற்கு இரண்டு பரிசோதனைகள் உண்டு. ஒன்றில் பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் வீடியோவாகப் பார்ப்பார்கள். இன்னொன்றில் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். இதில் ஏதாவது ஒன்று அப்பாவுக்குச் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால், காய்ச்சல் வந்ததைச் சொல்லிப் பரிந்துரை கேளுங்கள்.

இனி கோப்பி. அம்மாவைத் திட்டாதீர்கள். தினமும் காலையில் கோப்பி கலந்து கொடுத்த கைதானே அது. எனக்கு உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த மாவு எதற்கு என்று அப்பாவிடம் யாராவது சொன்னீர்களா? பெரும்பாலான வீடுகளில் டாக்டர் மகளிடம் சொல்வார், மகள் அம்மாவிடம் சொல்வார், அம்மா கிண்ணத்தை நீட்டுவார். குடிக்க வேண்டியவரிடம் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு தாளில் வாய், தொண்டை, நெஞ்சு என்று கோடு போட்டு, கோப்பி தவறான குழாயில் போவதை வரைந்து காட்டுங்கள். காய்ச்சல் வந்த நாளைக் காலண்டரில் தொட்டுக் காட்டுங்கள். பிறகு அந்தக் கோப்பியையே கெட்டியாக்கிக் கொடுங்கள். மாவைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும் என்றில்லை. கோப்பி, மைலோ, பார்லி எதிலும் கலக்கலாம். மாவில் இரண்டு வகை உண்டு. ஸ்டார்ச் மாவு நேரம் ஆக ஆக இறுகும், எச்சில் பட்டால் மறுபடி தண்ணியாகிவிடும். சாந்தன் கம் வகை அப்படி மாறாது, பலருக்குக் குடிக்கவும் இதமாக இருக்கிறது. இரண்டையும் வைத்து அப்பாவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

அம்மாவும் நீங்களும் ஒரே பதத்தில் கலக்க ஒரு வழி உண்டு. உணவும் பானமும் எவ்வளவு கெட்டி என்பதை எண்ணால் குறிக்கும் ஐ.டி.டி.எஸ்.ஐ என்ற அளவுகோலை இப்போது பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். 0 என்றால் வெறும் தண்ணீர், 7 என்றால் நாம் சாப்பிடும் வழக்கமான சாப்பாடு. அப்பாவுக்கு எந்த நிலை என்று சிகிச்சையாளரிடம் எண்ணாகவே எழுதி வாங்குங்கள். 10 மில்லி ஊசிக்குழல் ஒன்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஊசி வேண்டாம், குழல் போதும். ஊசிக்குழல்கள் ஒரே நீளத்தில் வருவதில்லை. 0-வில் இருந்து 10 வரையுள்ள கோடு 61.5 மில்லிமீட்டர் இருப்பதுதான் இதற்குப் பொருந்தும். அடியை விரலால் மூடி 10 மில்லி வரை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து விநாடி விட்டு மறுபடி மூடுங்கள். 1 முதல் 4 மில்லி மிச்சமிருந்தால் முதல் நிலை. 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை. 8-க்கு மேல் நின்றும் கொஞ்சம் சொட்டியிருந்தால் மூன்றாம் நிலை. "ரெண்டு கரண்டி போட்டேன்" என்ற கணக்கைவிட இது நம்பகமானது.

சாப்பாட்டில் நம் வீடுகள் கவனிக்காமல் விடும் ஒன்று, கெட்டியும் தண்ணியும் ஒரே வாயில் சேர்வது. ரசம் ஊற்றிய சோறு, தெளிவு தனியே நிற்கும் கஞ்சி, டீயில் நனைத்த பிஸ்கட். வாய் சோற்றை மெல்லும்போதே ரசம் தொண்டைக்கு முன்னால் ஓடிவிடும். நோயாளிக்கு நல்லது என்று நாம் பாசத்தோடு கொடுப்பது பெரும்பாலும் இதுதான். கஞ்சி கொடுப்பதாக இருந்தால், தெளிவு பிரியாதபடி ஒன்றாக மசித்துக் கொடுங்கள். ஐஸ்கிரீம் வாயில் உருகித் தண்ணியாகிவிடும் என்பதால் அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். புலூட் (ஒட்டரிசிச் சோறு) போல ஒட்டுகிறவை, முறுக்கு போல நொறுங்குகிறவை இப்போதைக்கு வேண்டாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, டிவியை அணைத்து, சிறு கரண்டியால் கொடுங்கள். சாப்பிட்ட பின் அரைமணி நேரம் படுக்க விடாதீர்கள். வலது கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அந்தப் பக்கம் உணர்வு குறைந்திருக்கலாம். இளைத்துப்போனதில் பல்செட் தளர்ந்திருந்தால் சரிசெய்யுங்கள். முகவாயைத் தாழ்த்தி விழுங்கும் முறையைச் சமூக ஊடக வீடியோவில் பார்த்துவிட்டு எல்லாருக்கும் சொல்கிறார்கள். சிலருக்கு அது உதவும், சிலருக்குக் கெடுதலாகவும் முடியும். பரிசோதித்தவர் சொல்லாமல் செய்ய வேண்டாம். மாத்திரையை நசுக்கும் முன் மருந்தாளரைக் கேளுங்கள், சில மாத்திரைகளை நசுக்கவே கூடாது.

இதையெல்லாம்விட எளியது ஒன்று உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காலையும் இரவும் அப்பாவின் பல்லையும் நாக்கையும் நன்றாகத் துலக்கிவிடுங்கள். எச்சில் தவறி உள்ளே இறங்கினாலும், வாய் சுத்தமாக இருந்தால் அதோடு போகும் கிருமிகள் குறைவு. நிமோனியா வராமல் தடுப்பதில் பல் துலக்குவதற்கு உண்மையான பங்கு இருக்கிறது.

இப்போது "விவரம் போய்விட்டது" என்ற பேச்சுக்கு வருவோம்.

வலது கை கால் விழுந்து பேச்சும் போயிருக்கிறது என்றால், மூளையின் இடப்பக்கம் அடிபட்டிருக்கிறது. மொழிக்கான பகுதிகள் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பக்கம்தான். இந்த நிலைக்கு அஃபேசியா என்று பெயர். துறைமுகத்தில் வேலை பார்த்தவருக்குப் புரிகிறபடி சொன்னால், கிடங்கில் சரக்கு இருக்கிறது, கிரேன்தான் பழுது. நினைவும், மனிதர்களை அடையாளம் காண்பதும், வெட்கமும் கோபமும் பாசமும் அவரிடம் இருக்கின்றன. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஆராய்ந்த ஒரு நோயாளிக்கு "டான்" என்ற ஒரே அசைதான் வாயில் வந்தது. மருத்துவமனையில் அவரை டான் என்றே கூப்பிட்டார்கள். பிறர் சொல்வதில் பெரும்பகுதி அவருக்குப் புரிந்தது, சைகையிலும் குரலின் ஏற்ற இறக்கத்திலும் பதில் சொன்னார். உங்கள் அப்பாவின் "அலாமாக்" அந்த வகை. வாய் திறந்தால் அது ஒன்றுதான் வருகிறது, அதற்குள் அவர் பல செய்திகளை அனுப்புகிறார். இரண்டு நாள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு அதன் ராகத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். பசியின் அலாமாக்கும் வலியின் அலாமாக்கும் வேறு வேறாகக் கேட்கும்.

கெட்ட வார்த்தை ஏன் தெளிவாக வருகிறது? வசவு, ஒன்று இரண்டு எண்ணுவது, மந்திரம், பாட்டு எல்லாம் நாம் யோசித்துக் கட்டும் பேச்சு அல்ல. வாய்ப்பழக்கமாக ஊறிப்போன தொடர்கள். மூளையில் அவற்றின் பாதை கொஞ்சம் வேறு, வலப்பக்கமும் அதற்குத் துணை நிற்கிறது. அவர் வேண்டுமென்று திட்டவில்லை. "தாத்தாவுக்கு வேற வார்த்தை வர மாட்டேங்குது" என்று சொன்னால் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும். பெரியவர்கள் பதறாமல் இருந்தாலே போதும்.

புரிதல் முழுக்கத் தப்பியது என்றும் நான் சொல்லமாட்டேன். அஃபேசியாவில் அதுவும் ஓரளவு அடிபடுவது உண்டு. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால், செய்தி வாசிப்பவர் வேகத்தில் பேசினால், அவர் தொலைந்துபோவார். ஆமா, இல்லை என்பதும் சில நேரம் மாறி வரும். "இல்லை" என்று நினைத்துக்கொண்டு "ஆமா" என்று தலையாட்டுவார். அதனால் முக்கியமான எதையும் ஒரு தலையாட்டலை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டு, படத்தைக் காட்டி, மறுபடி கேளுங்கள்.

மொழி விஷயத்தில் மாமாவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் தமிழை நிறுத்துவதால் மலாய் சீக்கிரம் வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் அப்பா வீட்டில் தமிழும், வேலையில் மலாயும், அநேகமாகக் கூட்டாளிகளோடு கொஞ்சம் ஹொக்கியன் சீனமும் பேசி வாழ்ந்த மனிதர். பல மொழி பேசுகிறவருக்கு ஸ்ட்ரோக் வந்தால் மொழிகள் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. அதிகம் புழங்கிய மொழியே முதலில் வரும் என்று 1895-இலேயே ஆல்பெர் பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை என்பது பின்னால் தெரிந்தது. அம்மாவோடு அவர் வாழ்ந்த மொழி தமிழ் என்றால் வீட்டில் தமிழ்தான் பேச வேண்டும். மலாய்ச் சொல் வந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள், "தமிழ்ல சொல்லுங்க" என்று திருத்தாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் கிடைப்பது கடினம்தான். மலேசியாவில் பேச்சு சிகிச்சைக்கான பட்டப்படிப்பையே யூ.கே.எம். பல்கலைக்கழகம் 1995-இல்தான் தொடங்கியது. அதனால் பயிற்சி நேரத்தில் நீங்களோ தம்பியோ கூட உட்காருங்கள். அப்போது ஒரு காரியம் மட்டும் செய்யாதீர்கள்: அப்பா சொன்னதைச் செம்மைப்படுத்திச் சொல்லாதீர்கள். பேச்சு கொஞ்சம் திரும்பும்போது அவர் "அம்மா... கடை... மீனு" என்பார். நீங்கள் "அம்மா கடைக்குப் போய் மீன் வாங்கிட்டு வந்தாங்கன்னு சொல்றார்" என்று முழு வாக்கியமாக்கி மலாயில் கொடுத்துவிடுவீர்கள். வேற்றுமை உருபும் வினைச்சொல்லும் விழுந்துபோனதுதான் சிகிச்சையாளருக்குத் தெரிய வேண்டிய செய்தி, அது அங்கேயே தொலைந்துவிடும். "மூன்று சொல் சொன்னார், வினைச்சொல் வரவில்லை, கடைக்கு என்பதில் 'க்கு' இல்லை" என்று உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் அவர் பேசுவதைச் சில நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுபோவதும் நல்லது, முன்கூட்டியே அவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு.

வீட்டுப் பயிற்சி என்றதும் பலர் செய்வது, கரண்டியைத் தூக்கிக் காட்டி "இது என்ன, சொல்லுங்க பாப்போம்" என்பது. வேண்டாம். தனக்கும் உங்களுக்கும் தெரிந்த பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டால் 67 வயது மனிதர் என்ன நினைப்பார்? உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கேளுங்கள். பாசாருக்குப் போகும் முன் கெம்போங், பாவால் இரண்டு மீன்களின் படத்தையும் கைப்பேசியில் காட்டி "இன்னிக்கு எது வாங்கட்டும்பா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், குறுக்கே பேசாதீர்கள். வரவில்லை என்றால் முதல் எழுத்தைக் கொடுங்கள், "பா..." என்று. பழைய ஃபெரியில் எடுத்த படங்கள், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போன படங்கள், கூட்டாளிகளின் படங்கள், ஒரு காலண்டர், பினாங்கு வரைபடம் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக்கி அவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். சிலர் அ, ஆ பலகை வாங்கிக் கொடுப்பார்கள். அஃபேசியாவில் எழுத்துக்கூட்டலும் அடிபடுவதால் அது பெரும்பாலும் பயன்படாது.

பாட்டை விட்டுவிடாதீர்கள். பாட்டில் வரும் சொல் அப்படியே பேச்சில் வந்துவிடாது என்றாலும் அது ஒரு பிடி. நீங்கள் வரியைத் தொடங்கிக் கடைசிச் சொல்லை அவருக்கு விடுங்கள். பழமொழியிலும் இது நடக்கும், "யானைக்கும் அடி..." என்று நிறுத்தினால் மீதியை அவர் முடித்துவிடலாம். அன்றாடம் தேவைப்படும் சிறு தொடரை, "கோப்பி வேணும்", "வலிக்குது" போன்றவற்றை, ராகமாக இழுத்து இடது கையால் தாளம் தட்டிச் சொல்லிப் பழக்கும் முறை 1973-இலிருந்து இருக்கிறது. சரியான ஆளுக்குச் சரியாகச் செய்தால் பலன் தரும். உங்கள் சிகிச்சையாளரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

மூன்று மாதத்தில் கதவு மூடிவிடும் என்பது தவறு. முதல் மாதங்களில் வேகம் அதிகம், உண்மைதான். 2017-இல் லான்செட் இதழில் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆன 156 பேர் இருந்தார்கள். வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்ததில், அன்றாடப் பேச்சுத் தொடர்பில் தெளிவான முன்னேற்றம் கிடைத்தது. அவ்வளவு நேரத்தை அரசாங்க மருத்துவமனையில் எதிர்பார்க்க முடியாது என்பதால்தான் வீட்டில் செய்ய வேண்டியதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். பழையபடி பேசுவார் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. இன்றைக்கு இருப்பதைவிட அதிகமாகத் தொடர்புகொள்வார் என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. அவர் அடிக்கடி அழுதாலோ, பாட்டையும் விட்டுவிட்டாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருந்தும் இருக்கிறது.

உங்களுக்குப் பக்கத்தில் செபராங் ஜெயா மருத்துவமனை இருக்கிறது. தேசிய ஸ்ட்ரோக் சங்கமான நாசாம் பினாங்கிலும் மையம் நடத்துகிறது. 1996-இல் அதைத் தொடங்கிய ஜேனட் இயோ தாமே ஸ்ட்ரோக்கிலிருந்து மீண்டவர். அங்கே தம்மைப் போன்ற மற்றவர்களைப் பார்ப்பதே அப்பாவுக்குத் தெம்பு தரும். சமூகநலத் துறையில் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு விண்ணப்பியுங்கள், பேச்சுக் குறைபாடும் அதில் ஒரு பிரிவு. தனியார் சிகிச்சையாளரைத் தேடினால், 2016-ஆம் ஆண்டுத் துணை சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாகப் பத்திரம். பேச முடியாதவர் முடிவெடுக்க முடியாதவர் ஆகிவிடமாட்டார். வீட்டை என்ன செய்வது என்பது அவருக்குப் புரிகிறதா, தம் விருப்பத்தைக் காட்ட முடிகிறதா என்று டாக்டரும் பேச்சு சிகிச்சையாளரும் சேர்ந்து, படமும் எழுதிய சொல்லும் வைத்து மதிப்பிட முடியும். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பிறகு குடும்பத்துக்குப் பொதுவான ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். உண்மையிலேயே திறன் இல்லை என்றானாலும், 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றம் வழியாகத்தான் அவர் சொத்தை நிர்வகிக்க முடியும். அதற்கு முன் ஒருநாள், காலையில் அவர் தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து, சித்தப்பா இல்லாதபோது, வீட்டின் படத்தையும் பிள்ளைகளின் படங்களையும் அப்பா முன்னால் வைத்து நீங்களே கேளுங்கள். மறுநாள் கேள்வியை மாற்றி மறுபடி கேளுங்கள். அவர் என்ன காட்டினார் என்று தேதியோடு எழுதி வையுங்கள். மதிப்பீடு கையில் வரும்வரை எந்தக் காகிதத்திலும் அவர் கைரேகை விழ வேண்டாம்.